அம்பாரி வேட்டையும் ஜோகூர்க் காடும்

வேட்டையை மன்னரின் பொழுதுபோக்காக மட்டும் பண்டைத் தமிழர் கருதியதில்லை. காட்டை அடுத்து வாழும் குடிகளையும் அவர்தம் ஆநிரைகளையும் கொடுவிலங்குகளிடமிருந்து காப்பது தலைவனின் கடமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கபிலர் பாடிய இருங்கோவேளுக்குப் ‘புலிகடிமால்’ என்னும் பெயர் வழங்கியதைப் புறநானூறு காட்டுகிறது. ஹொய்சள மரபின் முதல்வன் சளன் புலியைக் குத்திக் கொன்றதாகக் கதை உண்டு. அக்காட்சியை அம்மரபினரின் கோயில்களில் சிற்பமாக இன்றும் காணலாம்.

மன்னரோடு இப்பெருமை நின்றுவிடவில்லை. கொங்கு நாட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் புலிகுத்திக் கல் எனப்படும் நடுகற்கள் பல உள. பட்டியைக் காக்கப் புலியோடு பொருது மாண்ட ஆயனுக்கும் காவலனுக்கும் ஊரார் எடுத்த கற்கள் அவை. வீரன் ஒருவன் பாயும் புலியை ஈட்டியாலோ வாளாலோ குத்தும் கோலம் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கும். புலியை எதிர்த்தவன் எளியவனே ஆயினும் அவனுக்கு ஒரு கல் கிடைத்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐரோப்பியர் ஆட்சி ஆசியாவில் வேரூன்றிய காலத்தில் அரச வேட்டை வேறொரு வடிவம் பெற்றது. யானை மேல் அம்பாரி, அம்பாரியில் துப்பாக்கி ஏந்திய விருந்தினர், சுற்றிலும் நூற்றுக்கணக்கான யானைகள் என அது ஒரு பெருவிழா ஆயிற்று. இவ்வடிவம் நேப்பாளத்திலும் வங்கத்திலும் செழித்தது. மலாய் நாட்டின் தென்கோடியில் உள்ள ஜோகூரில் வேர்கொள்ளவில்லை. ஆயினும் புலிவேட்டையால் உலகப் புகழ் பெற்ற மன்னர் ஒருவர் அங்கே அறுபத்து நான்கு ஆண்டுகள் அரசு வீற்றிருந்தார். இரு வேட்டைகளையும் ஒப்பிட்டால், மன்னரின் வீரக்கதைகள் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி புலனாகும்.

அம்பாரி வேட்டையின் முறை

இமயமலை அடிவாரத்தில் உள்ள தராய் நிலம் புல்லும் சதுப்பும் கலந்தது. அங்கே வளரும் புல் ஆளை மறைப்பதோடு சில இடங்களில் யானையையும் மறைக்கும். தரையில் நிற்பவனுக்கு அப்புல்லினுள் பத்தடிக்கு அப்பால் உள்ளது தெரியாது. யானையின் முதுகில் உயர்ந்த அம்பாரியில் அமர்ந்தவனுக்கோ புல்லின் அசைவே புலியின் வழியைக் காட்டிக் கொடுக்கும். இங்கு யானை ஊர்தி, கோட்டை, பரண் ஆகிய மூன்றுமாகப் பயன்பட்டது.

நேப்பாளத்தில் இம்முறை ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. மாலையில் எருமைக் கன்றுகளைக் காட்டின் பல இடங்களில் கட்டி வைப்பர். எக்கன்று அடிபட்டது என்பதைக் காலையில் தடம் பார்ப்போர் அறிந்து வருவர். இரையை உண்ட புலி அருகிலேயே படுத்திருக்கும். யானை வரிசைகள் இரு புறத்தினின்றும் புறப்பட்டு, மெல்ல வளைந்து, வட்டமாக இணையும். பின்னர் வட்டம் சுருங்கும். சில யானைகள் உள்ளே புகுந்து புல்லை மிதித்துக் கலைக்க, புலி வெளிப்படும். தப்பிச் செல்ல வழியில்லாத அவ்வட்டத்தில் குண்டு தவறினாலும் மறு குண்டுக்கு நேரம் இருந்தது.

1876ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்டுக்கு நேப்பாளத்தின் ஜங் பகதூர் ராணா இத்தகைய வேட்டை நடத்திக் காட்டினார். 1911 டிசம்பரில் டில்லி தர்பாருக்குப் பின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தராய்க்கு வந்தார். நேப்பாள மன்னர் பிருத்வி அதே மாதம் 11ஆம் நாள்தான் மறைந்திருந்தார். எனினும் வேட்டை நிற்கவில்லை. உண்மையான அதிகாரம் ராணா மரபினரான பிரதமர் சந்திர ஷம்ஷேரிடமே இருந்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் திரட்டப்பட்டன. ஏறத்தாழப் பத்து நாட்களில் 39 புலிகளும், 18 காண்டாமிருகங்களும், 4 கரடிகளும் வீழ்ந்தன. அப்புலிகளுள் 21 மன்னரின் கணக்கில் எழுதப்பட்டன.

வங்கத்தின் வடக்கே கூச்பிகார் சமஸ்தானத்தை ஆண்ட நிருபேந்திர நாராயணர் தம் முப்பத்தேழு ஆண்டு வேட்டையைப் பற்றி 1908இல் ஒரு நூலே வெளியிட்டார். 365 புலிகள், 311 சிறுத்தைகள், 207 காண்டாமிருகங்கள் என அதில் கணக்கு வருகிறது. வணிகர் பேரேடு எழுதுவது போன்ற துல்லியம் இது.

இத்துணைச் செலவும் உழைப்பும் எதற்காக? விருந்தினருக்குப் புலி, விருந்தளித்தவருக்கு மதிப்பு. தாம் பிரிட்டிஷாரின் குடிமகனல்லர், தோழர் என்று உணர்த்த விரும்பிய அரசனுக்கு வேட்டைக்களம் தர்பார் மண்டபத்தினும் வசதியாக இருந்தது. மண்டபத்தில் யார் எங்கே அமர்வது என்பதைக் கவர்னர் ஜெனரலின் அலுவலகம் முடிவு செய்தது. காட்டில் யானைகளும் ஆட்களும் அறிவும் விருந்தளிப்பவருடையவை. அங்கே பேரரசரும் அவர் காட்டிய இடத்தில்தான் நிற்க வேண்டும். 1923இல் நேப்பாளத்தின் சுதந்திரத்தைப் பிரிட்டன் உடன்படிக்கையால் ஏற்றுக்கொண்டது. வேட்டையால் மட்டும் அது விளைந்தது என்பது மிகை. அந்த உறவை வளர்த்த பல இழைகளுள் வேட்டையும் ஒன்று எனலாம்.

மலாய் நாட்டு யானைகள்

மலாய் அரசர்க்கு யானை புதிதன்று. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைத் தாக்கியபோது சுல்தானின் படை யானைகளோடு எதிர்த்து நின்றது. அம்மரபினரே பின்னர் ஜோகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினர். 17ஆம் நூற்றாண்டில் கெடா, அச்சே, தெனாசரிம் துறைகளிலிருந்து யானைகள் கப்பலேறி வங்கக் கடலைக் கடந்து சோழமண்டலக் கரைக்கு வந்தன. தமிழ்க்கரையின் முஸ்லிம் வணிகர்களுக்கு இவ்வணிகத்தில் பெரும் பங்கு இருந்தது. பேராக்கில் 19ஆம் நூற்றாண்டிலும் யானையே சுமை தூக்கியது. 1879இல் அங்கு வந்த ஆங்கிலப் பெண் பயணி இசபெல்லா பேர்டு யானை மீதேறிக் காட்டு வழியைக் கடந்ததை எழுதியுள்ளார்.

ஆயினும் பழக்கிய யானையின் நாடு பெரும்பாலும் வடக்குப் பகுதியே. தெற்கே ஜோகூரில் போக்குவரத்து ஆற்று வழியே நடந்தது. ஊர்கள் ஆற்றங்கரைகளிலும் கழிமுகங்களிலும் இருந்தன. யானை காட்டில் இருந்தது. ஆனால் மனிதனுக்கு ஊர்தியாக அன்று, அவன் தோட்டத்தை மிதிக்கும் விலங்காகவே இருந்தது.

நிலமும் அம்பாரிக்கு இடந்தரவில்லை. ஜோகூரின் காடு புல்வெளியன்று, வானளாவிய மரங்களும் கொடிகளும் பிரம்பும் முள்ளும் பின்னிய மழைக்காடு. தாழ்ந்த கிளைகளுக்கிடையே அம்பாரி நுழையாது. நுழைந்தாலும் மேலிருப்பவன் காண்பது இலைத்திரளையே. சதுப்பு நிலத்திலோ யானை வரிசையாக அணிவகுத்தல் அரிது. ஆகவே இங்கு வேட்டைக்காரன் மண்ணில் நிற்க நேர்ந்தது. ஆட்கள் கூச்சலிட்டும் தகரம் தட்டியும் விலங்கை விரட்டுவர். துப்பாக்கி ஏந்தியவர் அது வெளிப்படும் வழியில் காத்திருப்பர். அல்லது இரை கட்டிய இடத்தில் பரண் அமைத்து இரவெல்லாம் விழித்திருப்பர். தராயில் யானையின் காலுக்கு நேர்ந்த ஆபத்து, ஜோகூரில் விரட்டச் சென்ற ஆளுக்கு நேர்ந்தது.

காம்பிரும் மிளகும் புலியும்

ஜோகூர்ப் புலியின் கதையைக் காம்பிர்த் தோட்டத்தை விட்டுச் சொல்ல இயலாது. காம்பிர் ஒரு செடி. அதன் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிடவும் சாயமிடவும் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர்த் தீவின் உட்பகுதி முழுவதும் சீனக் குடியேற்றக்காரர் காம்பிரும் மிளகும் பயிரிட்டனர். இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்காகக் காடு அழிந்தது. சில ஆண்டுகளில் மண் வளம் குன்றும். உடனே தோட்டம் அடுத்த காட்டுக்கு நகரும். சிங்கப்பூரில் நிலம் தேய்ந்தபோது, 1840களில் தெமெங்கோங் இப்ராஹிம் ஜோகூரின் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்கு ஓலை எழுதிக் கொடுத்துத் திறந்துவிட்டார். ‘கங்சு’ முறை எனப்பட்ட இவ்வேற்பாடு 1917 வரை நீடித்தது. கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அதன் எச்சங்களே.

வெட்டிய காட்டின் ஓரத்தில் காட்டுப்பன்றியும் மானும் பெருகின. அவற்றைத் தொடர்ந்து புலி வந்தது. குனிந்து இலை பறிக்கும் தொழிலாளி அதற்கு எளிய இரையானான். ஜோகூர் நீரிணையை நீந்திக் கடந்து புலிகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூரில் நாள் ஒன்றுக்குச் சராசரி ஒரு சீனத் தொழிலாளி புலிக்கு இரையாகிறான் என்று இயற்கையியல் அறிஞர் வாலஸ் 1869இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கணக்கு மிகையாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஆட்கள் ஓடிவிடுவர் என அஞ்சித் தோட்டக்காரர் பல மரணங்களை மறைத்தனர் என்று அக்கால எழுத்தாளர் கூறுவர்.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் அறியவேண்டிய ஒன்று உண்டு. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர், இந்தியக் கைதிகளை நாடு கடத்தி வைக்கும் இடமாக இருந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பிய அக்கைதிகளிலிருந்தே புலி கொல்லும் சிறு குழுக்களும் அமைக்கப்பட்டன. கைதிகளின் மேற்பார்வையாளராய் இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்துள்ளார். பழைய துப்பாக்கிகளோடு அவர்கள் காட்டினுள் அனுப்பப்பட்டனர். யானையில்லை, அம்பாரியில்லை, காலில் தண்டனையின் நினைவும் கையில் பழந்துப்பாக்கியும் மட்டுமே. அவர்கள் செய்ததும் புலிவேட்டைதான். ஆனால் அதனை அரச வேட்டை என்று யாரும் சொல்லவில்லை.

ஜோகூரின் அரசுச் சின்னத்தில் இவ்வரலாறு சுருங்கி நிற்கிறது. சின்னத்தின் கேடயத்தை இருபுறமும் இரண்டு புலிகள் தாங்குகின்றன. கீழே காம்பிர் இலையும் மிளகு இலையும் அணிசெய்கின்றன. நாட்டுக்குச் செல்வம் தந்த பயிரும் அப்பயிரின் தொழிலாளரைத் தின்ற விலங்கும் ஒரே சின்னத்தில் அமைந்துவிட்டன. பயிரிட்டவன் மட்டும் அதில் இல்லை.

சுல்தான் இப்ராஹிம்

1895இல் தந்தை சுல்தான் அபூ பக்கர் லண்டனில் மறைய, இப்ராஹிம் தம் இருபத்தோராம் வயதில் அரசேற்றார். 1959 மே மாதம் தாமும் லண்டனிலேயே மறையும்வரை அவர் ஆண்டார். தந்தை விட்டுச் சென்றது எழுத்திலமைந்த அரசியல் சட்டம் உடைய நாடு. 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மலாய் நாடுகளாகப் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகளின் கீழ் இணைக்கப்பட்டபோது ஜோகூர் வெளியே நின்றது. ஆனால் அழுத்தம் ஓயவில்லை. 1910இல் பொது ஆலோசகர் ஒருவர் வந்தார். 1914 உடன்படிக்கை அவ்வாலோசகருக்கு உண்மையான அதிகாரத்தை அளித்தது.

இச்சூழலில்தான் அவருடைய வேட்டைப் புகழை நோக்க வேண்டும். ஆலோசகரின் கையெழுத்து கருவூலத்துக்கும் காவல் துறைக்கும் தேவைப்படலாம். புலியின் முன் நிற்க அது தேவையில்லை. வெள்ளையர் வியந்து போற்றிய வீரம் எதுவோ, அதில் தாம் அவர்களுக்கு ஒப்பானவர், சிலவேளை மேலானவர் என்று சுல்தான் காட்டினார். வெளிநாட்டு விருந்தினரும் செய்தித்தாள்களும் அவரைப் பெரும் வேட்டைக்காரர் என்று எழுதினர். தம் குடிகளுக்கோ அவர், புலியைக் கொன்று ஊரைக் காக்கும் மன்னராகத் தோன்றினார். பழைய கடமையும் புதிய பெருமையும் ஒருவரிடம் கூடின.

ஜோகூர் பாருவில் அபூ பக்கர் 1866இல் கட்டிய பெரிய அரண்மனை 1990இல் அருங்காட்சியகம் ஆயிற்று. பாடம் செய்த புலிகளும் வேட்டையின் பிற நினைவுப் பொருள்களும் அங்கே இடம்பெற்றன. இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே சுல்தான் 1928இல் ஒரு விலங்குக் காட்சிச்சாலையையும் நிறுவினார். அது 1962இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சுடுவதிலும் வளர்ப்பதிலும் ஒரே ஆர்வம் இருப்பது அக்கால மன்னரிடம் முரண்பாடாகத் தோன்றவில்லை. இரண்டும் காட்டின் மீது தமக்குள்ள உரிமையின் அடையாளங்களே.

பால்மரக் காட்டில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காம்பிரின் இடத்தை ரப்பர் பிடித்தது. 1909இல் முடிந்த ஜோகூர் ரயில் பாதை உட்காடுகளைத் திறந்தது. சிகாமட், குளுவாங், கூலாய் பக்கங்களில் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து குடும்பங்கள் வந்து லயங்களில் தங்கின.

பால்மரம் குளிர்ந்த வேளையில்தான் நன்கு பால் சுரக்கும். ஆகவே பெரட்டு விடியுமுன்பே கூடும்; இருள் பிரியும் வேளையில் பால்வெட்டுவோர் தத்தம் நிரைக்குத் தனித்தனியே செல்வர். புலி வேட்டையாடி முடித்துத் திரும்பும் வேளையும் அதுவே. மரத்தின் முன் குனிந்து கத்தியை ஓட்டும் ஆணோ பெண்ணோ தம் முதுகுப்புறத்தைக் காட்டுக்குக் காட்டியே நிற்க வேண்டும். தோட்ட எல்லைகளில் எழுந்த முனீஸ்வரன் கோயில்களும் காளியம்மன் கோயில்களும் பக்தியால் மட்டும் எழுந்தவை அல்ல. மலாய்க் கிராமத்தார் காட்டில் புலியின் பெயரைச் சொல்லாமல் ‘தாத்தா’ என்று மரியாதையாகக் குறிப்பிட்டதும் அதே அச்சத்தின் மறுவடிவம்.

விலங்கு வணிகரான அமெரிக்கர் ஃபிராங்க் பக் 1930இல் வெளியிட்ட நூலில், ஜோகூர் ரப்பர்த் தோட்டமொன்றில் கூலி ஒருவரைக் கொன்ற புலியைப் பள்ளம் வெட்டி வீழ்த்தி உயிரோடு பிடித்த கதையைச் சொல்கிறார். சுல்தானின் நட்பைப் பற்றியும் பெருமையோடு எழுதுகிறார். சுவை கூட்டி எழுதுபவர் அவர். ஒவ்வொரு சொல்லையும் அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதையின் அமைப்பு கருதத்தக்கது. நாயகர் வேட்டைக்காரர், எதிரி புலி, இறந்த தொழிலாளி கதை தொடங்குவதற்கு ஒரு காரணம். அக்கால வேட்டை நூல்கள் பெரும்பாலானவற்றின் அமைப்பும் இதுவே.

சுட்டவரும் காத்தவரும்

காடு குறையக் குறைய எண்ணமும் மாறியது. தியடோர் ஹப்பக் என்னும் ஆங்கிலேயர் 1905இல் யானை வேட்டையையும் காட்டெருது வேட்டையையும் பற்றி நூல் எழுதியவர். அவரே பின்னர் விலங்குகளைக் காக்கப் போராடினார். அவர் தலைமையில் மலாயாவின் வனவிலங்கு நிலையை ஆராய்ந்த குழு 1932இல் அறிக்கை அளித்தது. பகாங், கிளந்தான், திரெங்கானு எல்லைகளில் அமைந்த தேசியப் பூங்கா அம்முயற்சியின் பயன். ஜோகூரின் பங்குக்கு எண்டாவ்-ரொம்பின் காடு 1993இல் தேசியப் பூங்கா ஆயிற்று.

யானையின் கதை இன்னும் வியப்பானது. ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. குடியேற்றத் திட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தன. இளங்கன்றுகளை யானைகள் தின்றன. முற்காலமாயின் விடை துப்பாக்கியே. 1974இல் மலேசிய வனவிலங்குத் துறை யானைகளை இடம்பெயர்க்கும் பிரிவை அமைத்தது. அதற்காக அஸ்ஸாமிலிருந்து பழக்கிய யானைகளும் பாகர்களும் தருவிக்கப்பட்டன. மயக்க மருந்தால் அமைதிப்படுத்திய காட்டு யானையை இரு பழகிய யானைகள் அணைத்து வெளியே நடத்திச் செல்லும். பின்னர் அது பெருங்காடுகளில் விடப்படும். பழக்கிய யானையின் துணையோடு பெருவிலங்கைத் தேடும் கலை கடைசியில் மலாய்க் காட்டுக்கு வந்தது. கொல்வதற்காக அன்று, உயிரோடு வாழவைப்பதற்காக.

புலிக்கு அவ்வளவு காலம் வாய்க்குமா என்பது ஐயம். சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. 2022இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி தீபகற்ப மலேசியாவின் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. நிருபேந்திர நாராயணர் ஒருவர் சுட்ட தொகையில் இது பாதியும் இல்லை. காடழிவும் கண்ணியும் கள்ள வேட்டையும் இதற்கு முதற்காரணங்கள். மன்னரின் துப்பாக்கி இக்கதையின் ஒரு பகுதி மட்டுமே.

பேராக்கில் தெலுக் ஆன்சன் அருகே ஒரு நினைவுப் பலகை உண்டு. 1894 செப்டம்பர் 17ஆம் நாள் தன் கூட்டத்தைக் காக்க ரயிலை மோதித் தடம் புரளச் செய்து மாண்ட யானைக்கு வைத்தது அது. விலங்கின் வீரத்தையும் மதிக்கத் தெரிந்த காலம் அது என்று மகிழலாம். வீழ்ந்த புலிகளின் எண்ணிக்கை நூல்களில் உள்ளது. அவற்றின் தோலும் தலையும் அரண்மனைகளில் உள்ளன. காம்பிர்க் காட்டில் மாண்ட சீனர்க்கும், புலி தேடி அனுப்பப்பட்ட இந்தியக் கைதிக்கும், விடியுமுன் பால்வெட்டச் சென்று திரும்பாத தோட்டத் தொழிலாளிக்கும் பெயர்ப்பட்டியல் இல்லை.

தோட்டத்துப் பதிவேடுகளும் பழைய செய்தித்தாள்களும் கோயில் ஏடுகளும் முதியோரின் நினைவும் இன்னும் முற்றும் அழிந்துவிடவில்லை. அவற்றைத் தேடித் தொகுப்பது ஜோகூர்த் தமிழ்ப் பள்ளிகளும் ஆசிரியர்களும் செய்யத்தக்க பணி. கொங்கு நாட்டு ஊரார் ஓர் ஆயனுக்குக் கல்லில் செய்ததை இங்குள்ளோர் காகிதத்திலேனும் செய்யலாம்.